வரேன் என்று சொன்ன பேய்

நான் பேய்க்கதை எழுதுகிறவள். பகலில் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பட்டாபிராமிலிருந்து போகவர மின்சார ரயிலில் இடம் கிடைத்தால் அன்றைக்கு செல்போனில் ஒரு பக்கம் எழுதிவிடுவேன். நின்றுகொண்டே போனால் யாரையும் கொல்ல வராது. இணையத்தில் போட்டால் முகம் தெரியாதவர்கள் "தூக்கம் போச்சு" என்று எழுதுவார்கள். முகம் தெரிந்தவர்கள் யாரும் பயந்ததில்லை. என் கணவர் முதல் கதையைப் படித்துவிட்டு, "எழுத்துப்பிழை ரெண்டு இருக்கு" என்றார்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள். ஆறு வருஷமாக இந்த அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. கீழ்வீட்டு அக்காவின் குடும்பம்தான் இந்த மனைக்கு முன்பு சொந்தக்காரர்கள். இப்போது லிஃப்ட் இருக்கும் இடத்தில் அவர்களுடைய பம்ப்செட் இருந்ததாம். அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேய்.

பேய் என்றால் டிவியில். இணையத்தில் யார் யாரோ எழுதிப்போட்ட பயங்கரக் கதைகளைத் தேடியெடுத்து, வாரம் ஒன்றாகப் படமெடுத்துப் போடும் தொடர் அது. அக்கா அதை ஞாயிறு மத்தியானம்தான் பார்ப்பார். விளக்கு வைத்த பிறகு வீட்டில் பேய்ப்பேச்சு கூடாது என்பது அவருடைய சட்டம். அதனால் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கிவிட்டு, எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மடியில் முறுக்குத் தட்டோடு பார்ப்பார். பயப்படமாட்டார். பேய்க்கு மார்க் போடுவார்.

"இன்னாம்மா இது, இவ்ளோ இளைச்சிக் கீது? ஒரு வாய் சோறு போட்டா சரியாப்பூடும்" என்பார். இன்னொரு வாரம், "பத்து வருஷமா கெணத்துல கெடந்துச்சாம். பொடவ பாரு, இப்பதான் இஸ்திரி போட்டுக்கினு வந்தா மாரி கீது" என்பார். பயமே வராதா என்று கேட்டேன். "ராவுல தனியா தண்ணி கட்டப் போய்க்கினு இருந்தவ நானு. இதுக்கா பயப்படுவேன்?" என்றார்.

அந்தத் தொடர்க்காரர்கள் ஒருநாள் என்னைப் போனில் கூப்பிட்டார்கள். ரயில் அம்பத்தூரை நெருங்கிக்கொண்டிருந்தது. என் கதை ஒன்றை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவர் பூ கட்டுவதை நிறுத்தாமல் தலையாட்டினார்.

பேர் வரும், ஊரெல்லாம் பார்க்கும் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். அக்கா ஒரே ஒரு தடவை பயப்பட வேண்டும். முறுக்கு பாதி வாயில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் ஏங்கினேன்.

அந்தக் கதையே அக்காவிடமிருந்து வந்ததுதான். குடிவந்த புதிதில் ஒருநாள் அவர் வீட்டில் காபி குடித்துவிட்டு, அவசரத்தில் வாய் தவறி, "போறேன்கா" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "போறேன்னு சொல்லாதம்மா. ஊட்ட விட்டுப் போறவங்க வரேன்னுதான் சொல்லணும்" என்று என்னைத் திரும்ப உள்ளே அழைத்து, உட்காரவைத்து, எழுப்பி, "வரேன்கா" என்று சொல்லச் சொல்லி அனுப்பினார். எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். ஆனால் இவ்வளவு கறாரில்லை. அன்றைக்குப் படியேறும்போது தோன்றியது, இதையே ஒரு பேய் சொன்னால் என்ன ஆகும் என்று.

கதை சின்னது. புதுவீட்டில் தனியாக இருக்கும் பெண்ணிடம் உச்சிவெயிலில் ஒருத்தி வந்து தண்ணீர் கேட்கிறாள். குடிக்கிறாள். சொம்பைத் திருப்பிக் கொடுக்கிறாள். சொம்பில் தண்ணீர் குறையவே இல்லை. வந்தவள் சிரித்துக்கொண்டே, "வரேம்மா" என்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அந்த ஞாயிறு அக்கா வீட்டில் போர்வையெல்லாம் கட்டியாயிற்று. அக்காவின் வீட்டுக்காரர்கூட மோர் டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். என் பேர் திரையில் வந்தபோது அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். வீடு நன்றாக எடுத்திருந்தார்கள், வெயில் நன்றாக எடுத்திருந்தார்கள். சொம்பு நிறையத் தண்ணீர் அப்படியே தளும்பியபோது அக்காவின் கை முறுக்குத் தட்டில் நின்றது. வந்தவள் சிரித்தாள்.

"நான் போறேம்மா" என்றாள்.

படம் முடிந்துவிட்டது. திரைக்கதையை எங்கோ ஆங்கிலத்தில் எழுதி, பிறகு வேறு யாரோ தமிழாக்கினார்கள் என்று பின்னால் தெரிந்தது. இங்கிலீஷ் பேய் விடைபெற்றிருக்கிறது. மொழிபெயர்த்த புண்ணியவான் அதைக் கௌரவமாக அனுப்பிவைத்துவிட்டார்.

அக்கா முறுக்கைக் கடித்தார். "நல்ல பேய்ம்மா. தண்ணி கேட்டுச்சி, போறேன்னுச்சி, போயிடுச்சி. யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார். என் கணவர் சிரிப்பை அடக்க மோரைக் குடித்தார், அதுவும் அக்காவின் வீட்டுக்காரருடைய மோரை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அக்கா, நான் அப்படி எழுதலை. என் கதையில அவ போறேன்னு சொல்லமாட்டா" என்றேன்.

"பின்ன?"

"வரேன்னு சொல்லுவா."

அக்கா மெல்லுவதை நிறுத்தினார். "வரேன்னா?"

"வரேன்னுதான்கா."

"சொல்லிட்டு?"

"அவ்வளவுதான். கதை முடிஞ்சிருச்சு."

அக்கா வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதி முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னல் போர்வைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வீடு முழுக்க வெயில் வந்தது. "தபாரு, இந்தம்மா இன்னா எய்தி வெச்சிக் கீதுன்னு" என்று வீட்டுக்காரரிடம் முணுமுணுத்தார். அவர் மோர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஆறு வருஷப் பழக்கத்தில், "வரேன்கா" என்றேன்.

அக்கா கதவைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்.

"போறேன்னு சொல்லிட்டுப் போம்மா" என்றார்.

"போறேன்கா" என்றேன். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த அந்தச் சாயங்கால வெயிலில், எனக்குப் பின்னால் அக்கா மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டையும் போடும் சத்தம் கேட்டது.