நெருங்காத ஒன்பதாம் கம்பம்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் நிமிஷக்காரி என்றுதான் சொல்வார்கள். எந்த வண்டி எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்று கால அட்டவணை போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடங்களாக அதே மாடி அறை, ஜன்னலுக்குக் கீழே அதே டீசல் நாற்றம். மாதத்தில் நாலைந்து நாள் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அட்டையும் கையில் ஸ்டாப் வாட்ச்சுமாக, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிப்பாள். "சிக்னல்ல நின்னதையும் எழுதிக்கோங்கக்கா, அப்புறம் எங்களைச் சோம்பேறின்னு சொல்லாதீங்க" என்று ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள். அவள் எழுதிக்கொள்வாள். அரை நிமிஷம்கூட யாருக்கும் அநியாயம் செய்ததில்லை.

பயம் அவளோடு கூடப் பிறந்தது. ஆறு மாடியானாலும் படிதான், லிஃப்டில் ஏற மாட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பாள். "உன்னைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு சௌகரியம். வீட்டுக்கு நாய் வேண்டாம்" என்பார் சாவிக்கடை வைத்திருக்கும் கணவர்.

அவருடைய தங்கை, அதாவது நாத்தனார், இதற்கு நேர் எதிர். கண்ணாடிக் கடையில் கண் சோதித்து லென்ஸ் பொருத்துகிற வேலை. எதையும் யோசித்துவிட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது. செய்துவிட்டு யோசிப்பாள், சில சமயம் அதுவும் கிடையாது. அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான புதிதில் ஒரு திரைச்சீலையின் நிறத்தில் ஆரம்பித்த சண்டை, இருபது வருடமாகியும் முழுதாக ஆறவில்லை.

அண்ணனுக்கு ஐம்பது வயது நிறைந்தபோது நாத்தனார் ஒரு பரிசு வாங்கி வந்தாள். கடலும் ஆறும் சேரும் இடத்தில் இருவர் அமர்ந்து துடுப்புப் போடும் கயாக் படகுச் சவாரி, ஒரு மதியம் முழுக்க. அண்ணனும் அண்ணியும் ஜோடியாகப் போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. அன்று காலை அண்ணன் செருப்பை எடுக்கக் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அண்ணன் கரையில உக்காந்து பாக்கட்டும். நாம போலாம் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"எனக்குத் தண்ணின்னாலே ஆகாதும்மா."

"லைஃப் ஜாக்கெட் குடுக்கிறாங்க. மூழ்கணும்னு நெனச்சாலும் மூழ்க முடியாது."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கணவர் நாற்காலியில் கோணலாக உட்கார்ந்தபடி, தங்கையின் ஆசை பாழாகிறதே என்ற முகத்தோடு பார்த்தார். அந்த முகத்துக்காகத்தான் சரி என்றாள்.

படகுக் கொட்டகையை நடத்திய பெண்மணி வெயிலில் கறுத்து இறுகியவர், பேச்சு சுருக்கம். ஆற்றின் நடுவே கப்பல் பாதையைக் காட்ட எண் எழுதி நட்டிருந்த சிவப்புக் கம்பங்களைக் கை நீட்டிக் காட்டினார். கொட்டகைக்கு எதிரே ஒன்றாம் கம்பம், கடல் வாயில் பதினாலாம் கம்பம். ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் இருநூறு மீட்டர்.

"பன்னெண்டாவது கம்பத்துகிட்ட ஒரு மணல் திட்டு இருக்கும், அதுவரைக்கும் போலாம். நாலு மணிவரைக்கும் கடல் தண்ணி உள்ள ஏறும். நாலுக்கு மேல வத்த ஆரம்பிச்சுடும். அப்போ எல்லாத்தையும் கடலுக்கு இழுக்கும். நாலுக்கு முன்னாடி திரும்பிடுங்க."

"எட்டு கிலோமீட்டர் வேகத்துல போலாமாம். நெட்டுல பாத்தேன்" என்றாள் நாத்தனார்.

அந்தப் பெண்மணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த கூட்டம் வந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

நிமிஷக்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். மணிக்கு எட்டு என்றால் பன்னிரண்டாம் கம்பம் பதினாறரை நிமிஷம். போக வர, நின்று பார்க்க எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். இப்போது இரண்டு நாற்பது. தாராளம். செல்போன்களை நனையாமல் கணவரிடம் கொடுத்துவிட்டார்கள். கைக்கடிகாரத்தை மட்டும் அவள் கழற்றவில்லை.

முன்னால் அவள், பின்னால் நாத்தனார். முதல் கம்பத்திலேயே துடுப்புகள் இரண்டும் முட்டிக்கொண்டன. "வலது, இடது, வலதுன்னு சேந்து போடுங்க அண்ணி" என்று பின்னாலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. எதிரே ஏறிவரும் தண்ணீர் படகின் மூக்கைத் தட்டித் தட்டிப் பின்னுக்குத் தள்ளியது. ஐந்தாம் கம்பத்தில் தோள் எரிந்தது. எட்டாம் கம்பத்தில் உள்ளங்கை கொப்புளித்தது. மணல் திட்டில் படகு உரசி நின்றபோது மணி மூன்று நாற்பத்தைந்து. பதினாறரை நிமிஷம் என்று போட்ட பயணத்துக்கு அறுபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

"உடனே திரும்பிடலாம்மா."

"கை மரத்துப்போச்சு அண்ணி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன். வரும்போதுதான் எதிர்ப்பு. போகும்போது இதே தண்ணி நம்மளைத் தள்ளிட்டுப் போகாதா?"

நாலு மணிவரைக்கும்தான் தள்ளும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பத்தொன்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய உடம்பு எழுந்திருக்க மறுத்தது. இருவரும் மணலில் சாய்ந்தார்கள். நாலு மணிக்குத் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது போல அசையாமல் நின்றது. அதைப் பார்த்து நாத்தனார், "பாருங்க, எவ்வளவு சாது" என்றாள். கிளம்பும்போது நாலு இருபது.

பன்னிரண்டிலிருந்து பதினொன்றுக்கு நாலு நிமிஷம் ஆனது. பதினொன்றிலிருந்து பத்துக்கு ஆறு நிமிஷம். அவள் வாய்க்குள்ளேயே எண்ணினாள். கம்பத்தின் அடியில் தண்ணீர் பிளந்து கடலைப் பார்த்து வால் போல நீண்டிருந்தது. போகும்போது அந்த வால் மறுபக்கம் இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

ஒன்பதாம் கம்பத்தின் எண் தெளிவாகத் தெரிந்தது. எண்ணின் கீழ் வெள்ளைப் பறவை எச்சம்கூடத் தெரிந்தது. மூன்று நிமிஷம் போட்டார்கள். ஐந்து நிமிஷம். எட்டு. எச்சம் அதே அளவில் அங்கேயே இருந்தது.

"நல்லா போயிட்டிருக்கோம்" என்றாள் நாத்தனார், மூச்சு வாங்க. "தண்ணி எப்படி ஓடுது பாருங்க."

"தண்ணிதாம்மா ஓடுது. நாம நிக்கிறோம்."

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றது. நின்ற அந்த இரண்டு மூச்சு நேரத்தில் ஒன்பதாம் கம்பம் வழுக்கிக்கொண்டு பின்வாங்கியது. எச்சம் தெரியவில்லை. எண் மங்கியது. நிமிஷக்காரி திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் பதினாலாம் கம்பம், அதற்கு அப்பால் ஆற்று வாயை அடைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது. மதியம் அந்தச் சத்தம் இல்லை. இப்போது இருந்தது.

"போடுங்க அண்ணி, போடுங்க!" நாத்தனாரின் குரல் கிறீச்சிட்டது. அந்தக் குரலை இருபது வருடத்தில் அவள் கேட்டதில்லை. துணிச்சல்காரி அழுகிறாள் என்று புரிந்தது. இருவரும் வெறி பிடித்தது போல அடித்தார்கள். ஜாக்கெட்டில் கோத்திருந்த விசிலை மாறி மாறி ஊதினார்கள். கரையிலிருந்து காற்று வீசியது. விசில் சத்தம் கடலுக்குத்தான் போனது.

பயத்திலும் அவள் மூளை ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்தது, கழித்தல். நம்ம கையில் இருப்பது மணிக்கு நாலு, களைப்பில் மூன்று. தண்ணீருக்கு இப்போதே மூன்று. போகப் போக அது ஏறும், இது இறங்கும். நேராகப் போய் இதை ஜெயிக்கவே முடியாது. மாலை நேரத்தில் பெரிய சாலையில் வண்டி சிக்கினால் அவள் என்ன செய்வாள்? பக்கத்துத் தெருவில் திருப்பிவிடுவாள். வலப்பக்கக் கரையோரம் நாணல் அடர்ந்திருந்தது. அங்கே ஒரு மரக்குச்சி அவசரமே இல்லாமல் மெல்ல மிதந்து போவதைப் பார்த்தாள்.

"கரைக்குத் திருப்பு."

"குறுக்கே போனா இன்னும் கடல் பக்கம் இழுத்துட்டுப் போயிடும் அண்ணி!"

"போகும். மூணு கம்பம் போகும். நாலாவதுக்குள்ள கரையைப் பிடிக்கணும்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குப் பொறந்ததுலேருந்தே பயம்தான். திருப்புடி!"

அந்த 'டி' அவள் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. படகு திரும்பியது. பக்கவாட்டில் தண்ணீர் அறைந்து உள்ளே தெறித்தது. வலது ஓரக்கண்ணில் நாணல் நெருங்க, இடது ஓரக்கண்ணில் கம்பங்கள் ஓடின. பத்து. பதினொன்று. சற்று முன் படுத்திருந்த மணல் திட்டு. பன்னிரண்டு. அலையின் சத்தம் காதை அடைத்தது. பதின்மூன்று கடந்தபோது அவள் எண்ணுவதை நிறுத்தினாள். அப்படி நிறுத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

துடுப்பு எதிலோ குத்தியது. சேறு. இரண்டு கையாலும் நாணலை அள்ளிப் பிடித்தாள். நாணல் உள்ளங்கையை அறுத்தது, விடவில்லை. நாத்தனார் குதித்தாள், தொடைவரை சேற்றில் இறங்கி, படகின் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

அதன்பின் ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள, கரையோரமாகவே நகர்ந்தார்கள். கால் புதைந்து எடுக்கும் ஒவ்வொரு அடிக்கும் சேறு உறிஞ்சிச் சத்தம் போட்டது. ஐந்தரை மணி வாக்கில் எஞ்சின் சத்தம் கேட்டது. கொட்டகைப் பெண்மணியின் மோட்டார் படகு ஆற்றின் நடுவே கடலைப் பார்த்துப் பறந்தது. முன்னால் கணவர், இடுப்பு வலியையும் மறந்து கம்பி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் கடல் வாயிலேயே இருந்தது. இருவரும் கத்தினார்கள், விசில் ஊதினார்கள். நாணலுக்குள் நின்றவர்களை அவர் திரும்பியே பார்க்கவில்லை.

மோட்டார் படகு பதினாலாம் கம்பத்தருகே அலைக்கு முன்னால் வட்டமடித்தது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். அவர் எழுந்து நிற்பது தெரிந்தது. வாயருகே கைகுவித்துக் கூப்பிட்டார். எதிரே நுரை மட்டும்தான் இருந்தது. தன் சாவுக்குத் தன் கணவர் எப்படித் தவிப்பார் என்பதை உயிரோடு நின்று பார்க்கிற கொடுமை அவளுக்கு அன்று வாய்த்தது.

திரும்பி வரும்போது எஞ்சினை மெதுவாக்கியிருந்தார்கள். அப்போதுதான் விசில் கேட்டது.

படகில் ஏற்றிக் கம்பளி போர்த்தினார்கள். கணவர் ஒரு கையால் மனைவியையும் ஒரு கையால் தங்கையையும் பிடித்துக்கொண்டார், திருடர்களைப் பிடித்து வைத்திருப்பது போல. நிமிஷக்காரி கொட்டகைப் பெண்மணியிடம் கேட்டாள்.

"நிஜமா எவ்வளவு வேகத்துல போக முடியும்?"

"உங்களை மாதிரி பொழுதுபோக்குக்கு வர்றவங்களா? அசையாத தண்ணியில நாலு, நாலரை. தினமும் போடுறவங்க ஆறு போவாங்க. எட்டெல்லாம் பந்தயக்காரங்க கணக்கு, வேற மாதிரி ஒல்லிப் படகு." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க எட்டுன்னு சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும். என் தப்பு."

கரையோரம் ஒதுங்கியது யார் யோசனை என்று அவர் கேட்டார். நாத்தனார் அண்ணியைக் காட்டினாள்.

கணவருக்கு மறுவாரமே இடுப்பு சரியாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் இதை ஒரு சாகசக் கதையாகச் சொல்லவும் ஆரம்பித்தார். நிமிஷக்காரியால் கூட இருந்து கேட்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்விடுவாள். குளியலறையில் வாளித் தண்ணீரை வடிகாலில் கவிழ்த்தால் அது சுழன்று இறங்கும் சத்தத்துக்கே வெளியே வந்துவிடுவாள். பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து வண்டி நகர்ந்து தன் வண்டி பின்னால் போவது போலத் தோன்றினால், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, கடைவேலை நேரத்தில், நாத்தனார் போன் செய்தாள். இருபது வருடத்தில் அண்ணனுக்காக இல்லாமல் அண்ணிக்கென்றே அவள் செய்த முதல் போன்.

"அண்ணி, உங்களுக்கும் அப்படியே நிக்கிற மாதிரி கனவு வருதா? எவ்வளவு போட்டாலும்?"

"வருதும்மா."

"நான் எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

பின்னால் கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளை வாய்விட்டுப் படிப்பது கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வா. இங்கயே தங்கு" என்றாள் நிமிஷக்காரி. "கனவு வந்தா எழுப்பு. நானும் எழுப்புறேன்."