கழுவின கல்

போன வாரம் என் மகளின் கார் பலராட் நகரத்துக்கு இப்பால் ஒரு வளைவில் வழுக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வீதியோரச் சல்லிக்கல்லில் போய் நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காருக்கும் இல்லை. சிநேகிதி வீட்டில் தங்கியவள் விடியற்காலையிலேயே வெளிக்கிட்டிருக்கிறாள். யூலை மாதம், இங்கே அவுஸ்திரேலியாவில் நடுக்குளிர். தார் வீதியில் உறைபனி கண்ணுக்குத் தெரியாமல் படிந்து கிடந்திருக்கிறது. தொலைபேசியில் “ஐ ஆம் ஓகே அம்மா” என்று மூன்று தரம் சொன்னாள். மூன்று தரம் சொன்னதால்தான் எனக்குப் பயம் கூடியது.

அவள் கிரான்பர்னில் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் இறங்கி, கல்தூள் ஒட்டிய சப்பாத்தைக் கழற்றும்வரை நான் யாருக்கும் சொல்லவில்லை. பிறகுதான் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எண்பது கடந்த மனிதர். பொலிஸ் வந்ததா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஓரத்தில கிடந்த கல்லு தூளோடையோ, கழுவினதோ?”

முப்பது வருடத்துக்கு மேலாக, கழுவின கல்லைப் பற்றி அப்பா என்னோடு நேராக ஒரு சொல்லும் பேசியதில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மெல்பேர்னின் கிழக்கு ஓரத்தில், மலைச்சரிவில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தோம். அது ஏன் எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது என்பது முதல் குளிர்காலத்தில் விளங்கியது. வீதி மேலே இருந்தது, வீடு கீழே. நடுவில் இருபது மீற்றருக்குக் களிமண் பாதை. மழை பெய்தால் சேறு, பனி விழுந்தால் கண்ணாடி. பாதையின் கீழ்முனையில், வீட்டுக்குப் பக்கத்தில், யூக்கலிப்டஸ் மரங்கள் நின்ற பள்ளம். அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் காலை ஏழு மணிக்கு வேலை. எங்கள் பழைய வெள்ளைக் கார் மேலே ஏறுவதற்கு மூன்று நான்கு தரம் ஓடிப் பார்க்கவேண்டும். ஒருநாள் ஏறாமல் பின்னுக்குச் சறுக்கியது. அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டார், இந்தப் பாதைக்கு ஒரு வழி செய்யாவிட்டால் வேலையை விடுவேன் என்று. வேலையை விட்டால் வீடும் போகும் என்பது எனக்கே தெரியும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் வீதி இலாகாவில், வீதி போடும் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர். இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். பாதைக்குக் கல் போடுவது என்று முடிவானதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தை எடுத்து நீளம், அகலம், நாலு அங்குலத் தடிப்பு, ஆறு கன மீற்றர், லொறிக் கூலி என்று அழகான எழுத்தில் திட்டம் போட்டார். என் அறைக்கு வாங்குவதாக இருந்த ஹீற்றர் அடுத்த வருடத்துக்குப் போயிற்று. அம்மாவின் நாலு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கல்லுக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு மேல் ஒரு டொலர்கூட இல்லை.

எந்தக் கல் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உடைத்த கல், கல்தூளோடு கலந்தது. இராச்சாப்பாட்டின்போது அதை விளக்கியும் காட்டினார். வெறும் சோற்றைக் கையால் பிடித்தார், அது உதிர்ந்தது. பருப்பு விட்டுப் பிடித்தார், உருண்டையாக நின்றது. தூள் கல்லுக்கு நடுவில் இறங்கி, தண்ணீர் பட்டு இறுகினால், பாரம் ஏறினாலும் கல் அசையாது. அந்த உருண்டையை அவர் ஒரு சாட்சிப்பொருளைப்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் விளையாட வேண்டாம் என்று அம்மா சொன்னார். ஆனால் மறுத்துப் பேசவில்லை. கல், தார் விஷயத்தில் அம்மா அப்பாவை மறுத்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தொலைபேசியில் பேசுவது என் வேலை. அப்பாவின் ஆங்கிலம் இலக்கணம் பிசகாதது, ஆனால் மறுபக்கத்தில் இருப்பவர்கள் விளங்காமல் “சொரி?” என்பார்கள். அவர் அதே வசனத்தை இன்னும் சத்தமாகச் சொல்வார். அவர்கள் வைத்துவிடுவார்கள். ஆகவே காஸ் கொம்பனி, வங்கி, பள்ளிக்கூடம் எல்லாவற்றோடும் பேசும் வெளிவிவகார அமைச்சராகப் பதினொரு வயதில் நான் இருந்தேன். அந்தப் பதவியின் தலைக்கனமும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, அப்பா எழுதித் தந்த கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, குசினிச் சுவரில் இருந்த தொலைபேசியில் கல் விற்கும் இடத்துக்கு எடுத்தேன். “தூளோடு” என்பதற்குக் கீழே அப்பா இரண்டு கோடு போட்டிருந்தார். பேசியவர் அன்பான மனிதர். என்னை ‘லவ்’ என்று கூப்பிட்டார். லொறி உள்ளே வருமா, கேற் எவ்வளவு அகலம் என்று கேட்டார். அப்பா அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அந்த இடைவெளியில்தான் கல் விற்பவர் மற்றக் கேள்வியைக் கேட்டார். தூளோடு வேண்டுமா, கழுவியது வேண்டுமா?

கடதாசி கையில்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு மரியாதையாகப் பேசும் ஒரு வெள்ளைக்காரரிடம் தூளும் ஊத்தையுமாகத் தாருங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நாங்கள் அரிசியையே நாலு தண்ணீரில் கழுவுகிற ஆட்கள். கழுவியது கொஞ்சம் விலை கூட என்று அவர் சொன்னதும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. விலை கூடியதுதானே நல்லது. கழுவியதையே அனுப்புங்கள் என்று, வீட்டுக்காரி மாதிரிச் சொல்லி வைத்தேன்.

அப்பா மூச்சு வாங்க வந்து, தூளோடு என்று சொன்னாயா என்று கேட்டார்.

“ஓமப்பா” என்றேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது லொறி கல்லைக் கும்பியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நீலமும் சாம்பலுமாக, ஒவ்வொரு கல்லும் மினுங்கியது. எவ்வளவு வடிவு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாரதி விலை எழுதிய துண்டை நீட்டினார். உறையில் வைத்திருந்த காசு போதாமல் அம்மா உள்ளே போய்க் கைப்பையைக் கிளறவேண்டி வந்தது. அப்பா துண்டை வாசித்தார். குனிந்து ஒரு கை கல் அள்ளினார். விரல்களை விரித்தார். தூள் ஒரு பொட்டும் ஒட்டவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் லொறியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் விலை கூட என்று அம்மா கேட்டார்.

“நான்தான் மாத்திச் சொன்னனான். கழுவினது வடிவாயிருக்கும் எண்டு நினைச்சன்” என்றார் அப்பா.

அம்மா கைப்பையை மூடினார். “ஓவசியர், ஓவசியர் எண்டு சொல்லித் திரியிறியள். ஒரு கும்பி கல்லு ஒழுங்காக் கேட்டு வாங்கத் தெரியேல்லையோ?”

அப்பா மண்வெட்டியை எடுக்கப் போனார். நான் உள்ளே போய்ப் பால்தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். தப்பிவிட்டேன் என்று இருந்தது.

அடுத்த வாரமே கடும் பனி. அம்மா காரை எடுத்தார். சக்கரங்கள் சுழன்று கற்களை எறிந்தன. அவை சுவரில் பட்டுப் படபடவென்று விழுந்தன. கார் பாதி ஏறியது, நின்றது, பிறகு உருளும் கற்களோடு சேர்ந்து பக்கவாட்டாகக் கீழே வரத் தொடங்கியது. நான் குசினி ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்பா வெறுங்காலோடு வெளியே பாய்ந்தார். பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்க, வெட்டிவிட்ட மரத்தின் அடிக்கட்டையில் பின்பக்கம் இடித்து கார் நின்றது. அம்மா இறங்கி வந்து, குசினிக் கதிரையில் உட்கார்ந்து, வேலைக்குப் பிந்தும் என்று முதியோர் இல்லத்துக்கு என்னை எடுத்துச் சொல்லச் சொன்னார். நான் தொலைபேசியை எடுத்தேன். அது என்னுடைய கல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பா என்னைக் கல் விற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பேசுவதற்கு வாயைத் திறந்தபோது “நீ நில்லு பிள்ளை” என்றுவிட்டு அவரே பேசினார். அந்த மனிதர் இரண்டு தரம் “சொரி?” என்றார். அப்பா இந்த முறை குரலை உயர்த்தவில்லை. பக்கத்துக் கும்பியிலிருந்து ஒரு கை கல், மற்றதிலிருந்து ஒரு கை தூள், தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு சொட்டு. பொத்திப் பிடித்துத் திறந்து காட்டினார். சோற்றுருண்டை மாதிரி நின்றது. அந்த மனிதர் சிரித்துவிட்டு, தூளை நீங்களே அள்ளினால் பை ஒன்று ஒரு டொலர் என்றார். அரிசிப் பைகள் எங்களிடம் எப்போதும் இருந்தன.

மூன்று சனிக்கிழமைகள் அள்ளினோம். அப்பா தூளைப் பரவி, வாரியால் கல்லுக்குள் இறக்கி, குழாயால் தண்ணீர் தெளித்தார். வேலிக் கட்டை ஒன்றில் பலகை அடித்து இடிகட்டை செய்தார். அவர் இடித்துக்கொண்டு போக நான் பின்னால் குதித்துக் குதித்து மிதித்தேன். இரவில் ஹீற்றர் இல்லாத அறையில் இரண்டு போர்வைக்குள் படுத்திருக்கும்போதும் கால்கள் குதிப்பதுபோல இருந்தன.

பிறகு வந்த முதல் பனிக்காலையில் அப்பா பள்ளத்தின் பக்கம் போய் நின்றுகொண்டார், காரைக் கையால் தடுத்துவிடலாம் என்பதுபோல. அம்மா காரை எடுத்தார். ஒரு கல் எழும்பவில்லை. கார் ஒரே மூச்சில் ஏறி வீதியில் போய் நின்றது. அயலட்டைச் சனத்துக்கு அஞ்சி ஒருநாளும் ஹோர்ன் அடிக்காத அம்மா, மேலே நின்று ஒரு தரம் அடித்துவிட்டுப் போனார். எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு நிம்மதி. அம்மா ஏறிவிட்டார். என் விஷயம் வெளியே வரவில்லை.

அதன்பின் எத்தனையோ வருடம், வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் ஓவசியர் கழுவின கல் வாங்கிய கதையை அம்மா சொல்வார். கொழும்பிலிருந்து வந்த உறவினருக்கும் சொன்னார், கோயிலில் சந்தித்த அன்ரிமாருக்கும் சொன்னார். அப்பா தானும் சிரித்து, அம்மா விட்ட இடங்களை எடுத்துக் கொடுப்பார். எல்லோரிலும் சத்தமாகச் சிரித்தவள் நான். அப்பா துண்டைச் சரியாக வாசிக்கவில்லை, அல்லது கடதாசியில் எனக்கு என்ன எழுதித் தந்தோம் என்பதை அவரே மறந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் ஏறி இறங்கிய காலம் முழுவதும் எனக்குத் தோன்றாத ஒன்று உண்டு. இந்த நாட்டில் அப்பாவிடம் யாரும் குறை சொல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை அவர் ஒரு புதன்கிழமை பின்னேரம், லொறிக்குப் பக்கத்தில் நின்று, எனக்காகக் கீழே வைத்துவிட்டார்.

“தூளோடதான் அப்பா” என்றேன் தொலைபேசியில். “கார் அதிலதான் பிடிச்சு நிண்டது.”

“அப்ப சரி. பிள்ளையை ஏசாதை” என்று வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் என் கணவர் வேலையால் வந்து விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போய்க் கதிரையில் இருந்தார். பயம் கொஞ்சம் இறங்கக் கோபம் ஏறியது. பனி நேரத்தில், விடியக்காலமை, இவளை ஆர் வெளிக்கிடச் சொன்னது என்று கேட்டார். வெயில் வந்தபிறகு, ஒன்பது மணிக்கு மேல்தான் வெளிக்கிட வேண்டும் என்று முதல்நாள் இரவு நான் அவளுக்கு இரண்டு தரம் சொல்லியிருந்தேன். மகள் சோபாவில் இருந்து என்னைப் பார்த்தாள்.

“நான்தான் சொன்னனான்” என்றேன்.

அவள் தலையைக் குனிந்து போனைத் தட்டத் தொடங்கினாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த நிம்மதி அது.