கருடனுக்காக நின்ற கார்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி நின்றுவிட்டார்கள். காரணம், ஒரு பூனை.

நானும் மாப்பிள்ளையாக வர இருந்தவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தமிழ், அவர் கணக்கு. ஒரு வருஷம் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவருடைய அப்பாவைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு, எங்கள் வீட்டுக்குக் கிளப்பியிருந்தோம். பூனை குறுக்கே ஓடியதும் மனுஷர் காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டாராம். கருடனைப் பார்த்தால்தான் தோஷம் கழியுமாம். அப்போதே மணி மூன்றரை. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் வராவிட்டால் திரும்பிப் போய்விடுவார், மறுபடி கிளம்பவே மாட்டார்.

"அப்பா வானத்தையே பாத்துக்கினு நிக்கிறாரு" என்று போனில் கிசுகிசுத்தார் அவர்.

"போனை அவருகிட்ட குடுங்க."

"ஐயோ, பேஜாராயிடும்!"

"குடுங்கன்றேன்ல."

பெண் பார்க்க வருமுன்பே மாமனாராகப் போகிறவரிடம் பெண் பேசுவது எங்கள் பக்கம் கேள்விப்படாத சங்கதி. அம்மா கரண்டியோடு ஓடி வருவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"மாமா, சகுனம்ன்ற வார்த்தைக்கே பறவைன்னுதாங்க அர்த்தம். வடமொழியிலேர்ந்து வந்தது. பழைய தமிழ்ல புள்ளுன்னா பறவை, சகுனத்துக்கும் அதே பேருதான். பறவை போற போக்கைப் பாத்துதான் நடக்கப் போறதைச் சொல்லிக்கினு இருந்தாங்க. பூனைக்கு இதுல வேலையே இல்லீங்க!"

வகுப்பில் பிள்ளைகளை வாய்பிளக்க வைத்த பாடம் அது.

"அதனாலதாம்மா கருடனுக்கு நிக்கிறேன்" என்றார் அவருடைய அப்பா நிதானமாக.

அட, என் படிப்பில் இடி விழ! அவர் பக்கத்துக்கு நானே வக்காலத்து வாங்கியிருக்கிறேன். சுர்ரென்று கோபம் ஏறியது.

"அப்போ நல்லா நில்லுங்க மாமா! இங்க பஜ்ஜி ஆறிக்கினு இருக்குது. உங்க புள்ளையத்தான் கட்டிப்பேன்னு ஒரு வருஷமா ஒத்தக்கால்ல நிக்கிறேன். கருடனா வந்து எங்களுக்குக் குடும்பம் நடத்தப் போவுது?"

போன் கட்டாகிவிட்டது. "வாயாலயே கெட்டடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பட்டுப்புடவையோடு அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நாலே காலுக்கு வாசலில் கார் வந்து நின்றது. செருப்பைக் கழற்றும்போதே, "போன்ல பேசினது நீதானாம்மா?" என்றார் அவருடைய அப்பா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினேன். வாய் சும்மா இருக்குமா? "கருடன் வந்துச்சா மாமா?" என்று கேட்டும் விட்டேன்.

"எங்க வந்துச்சு! எங்க வூட்டுக்காரி போய்ச் சேந்ததிலேர்ந்து என்னை இப்படித் திட்டறதுக்கு ஆளே இல்லம்மா. வூடே ஊமையாக் கெடக்குது" என்றவர் என் அப்பாவிடம் திரும்பினார். "ராகுகாலம் வர்றதுக்குள்ள ஜல்தியா தட்டை மாத்துங்க."