எதிரே உட்கார்ந்து கற்ற முடிச்சு

மழைக்கு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன். அன்றைக்கும் அங்கே லீவு. என் படிப்பு அவ்வளவுதான். மிச்ச அறிவெல்லாம் காசிமேட்டு மணலில் வந்தது.

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன சமயம். எனக்குப் பத்து வயது. கட்டுமரத்தில் என்னையும் கடலுக்குக் கூட்டிப்போகச் சொல்லி நைனாவை அரித்துக்கொண்டே இருந்தேன்.

"வலை பொத்தத் தெரியாதவன் கடலாண்ட வந்து இன்னா பண்ணுவ, மீனுக்குக் கத சொல்லுவியா?" என்று கிழிந்த வலையை என்மேல் வீசினார். "இத ஒயுங்கா பொத்திக் காட்டு, இட்டுகினு போறேன்."

யாரும் கற்றுத்தரவில்லை. நைனா வலை பொத்தும்போது எதிரே உட்கார்ந்து பார்த்ததுதான். அவர் மூங்கில் ஊசி பிடித்த கை எனக்கு இடப்பக்கம் தெரிந்தது. நானும் இடது கையில் பிடித்தேன். பாதிக் கிழிசல் முடிந்ததும் கோலி ஆட ஆசை வந்துவிட்டது. எட்டு வயதுத் தங்கச்சியை எதிரே உட்காரவைத்து, "என் கையப் பாரு, அப்டியே போடு. வெல்லம் தரேன்" என்றேன்.

"மொதல்ல வெல்லம்" என்றாள். அவளும் போட்டு முடித்தாள்.

நைனா கண்ணை மூடிக்கொண்டு வலையை விரலால் தடவினார்.

"இந்தப் பாதி சோக்கா கீது. அந்தப் பாதி எவன் போட்டது? முடிச்செல்லாம் திரும்பிக்கினு கீது, கை வெச்சாலே பேஜாரு."

பேஜாரான பாதி என்னுடையது. "அது தங்கச்சி போட்டது, நைனா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். மிச்சமிருந்த வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கடலுக்குப் போனேன். குடித்த கஞ்சியையெல்லாம் மீனுக்கே போட்டேன். திரும்பியபோது அவள் கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ளாற எப்டிண்ணா கீது?"

"இன்னா கீது, எல்லாம் தண்ணிதான்."

கோளாறு எதிரே உட்கார்ந்ததில் இருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நைனாவைப் பார்த்து நான் கற்றது இடவலம் மாறிப்போனது; என்னைப் பார்த்து அவள் கற்றதில் அது இன்னொரு தடவை மாறி நேராகிவிட்டது. தப்பாகச் சொல்லிக்கொடுத்துச் சரியான ஆளை உண்டாக்கிய வாத்தியார் காசிமேட்டில் நான் ஒருத்தன்தான்.

அவள் ஏன் நைனாவிடம் உண்மையைச் சொல்லவில்லை என்றுதான் அப்போது புரியவில்லை. வெல்லத்துக்கு விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லியிருந்தால் நானும் கரையில்தான் நின்றிருப்பேன். பெண்பிள்ளையான அவளை எப்படியும் யாரும் கட்டுமரத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அது எட்டு வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.