ஜீவராணியின் நீளக் குண்டு

கந்தப்பளையில் பிடிவாதக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஜீவராணியைப் போல் இன்னொருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். மலைமேலுள்ள துப்பாக்கிச் சங்கத்தில் இலக்கு அட்டை மாட்டும் வேலைக்குப் போனவள், நானும் சுடுவேன் என்று அடம்பிடித்துச் சுட்டாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் 'துப்பாக்கிக்காரியா!' என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நழுவினார்கள். அம்மா பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகள் அடுத்த அட்டையை மாட்டப் போய்விட்டாள்.

அவளுடையது .223 ரைஃபிள். குழாயின் உட்புறம் சுருளாக வரி வெட்டியிருக்கும். அந்த வரிதான் குண்டைப் பம்பரமாகச் சுழற்றி நேராகப் பறக்க வைக்கிறது. அவள் குழாயில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரே ஒரு சுற்று. சோம்பேறிச் சுற்று. குட்டையான, இலேசான குண்டுக்கு அது போதும். ஜீவராணிக்கோ நீளமான, கனத்த குண்டுதான் பிடிக்கும். மலையில் எந்நேரமும் காற்றடிக்கும். கனத்த குண்டை அது அவ்வளவாக அசைக்காது.

"பிள்ளை, உந்தக் குழாய்க்கு உந்தக் குண்டு சரிவராது," என்றார் பயிற்சியாளர் ஜெயதீபன். யாழ்ப்பாணத்துக்காரர், விஷயம் தெரிந்தவர். "மேல காத்து மெல்லிசு, அதால தப்புது. கீழ காத்து அடர்த்தி. குண்டு தள்ளாடும்."

"இங்கன நல்லாத்தானே போவுது சார்!" என்றாள். மலையை விட்டு இறங்காதவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி கடலோரச் சுடுதளத்தில் நடந்தது. நால்வருக்கு மட்டுமே இடம். இதில் தவறினால் அடுத்த முறை சங்கம் வேறொருவரை அனுப்பிவிடும். காலையில் ஒத்திகைக்குச் சுட்டாள். ஓடிப்போய் அட்டையைப் பார்த்தாள். வட்டமாக விழவேண்டிய ஓட்டைகள் நீளவாக்கில் கிழிந்திருந்தன. குண்டுகள் தலைகுப்புறப் புரண்டு, பக்கவாட்டில் வந்து மோதியிருந்தன.

"அப்பவே சொன்னனான்," என்றார் ஜெயதீபன். "நீர் உடம்பு சரியில்லை எண்டு சொல்லி விலகும். இப்பிடிச் சுட்டா சங்கத்தின்ர மானம் போகும்."

அவருக்குச் சங்கத்தின் மானம். அவளுக்கோ இத்தனை வருஷ உழைப்பு. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதில் பாதி தன்மேல்தான்.

"தப்பு என்னோடதுதாங்க சார். கேக்காம போனேன். அதுக்காக ஒடம்பு சரியில்லன்னு பொய் சொல்ல மாட்டேன். வெலகவும் மாட்டேன்."

"வேற தோட்டா இருக்கோ?"

இருந்தது. பழகுவதற்கென்று கொண்டுவந்த மலிவான தோட்டாக்கள், இலேசான குண்டு. அந்தக் குழாயில் அழகாகச் சுழலும்; ஆனால் கடற்காற்று அதைத் தூக்கிப்போட்டு விளையாடும். இரண்டு சுட்டுப் பார்த்தாள். ஓட்டைகள் வட்டமாகவே விழுந்தன, நடுவிலிருந்து ஒரு சாணுக்கு மேல் வலப்பக்கம் தள்ளி.

போட்டி தொடங்கியது. இடப்பக்கம் அதே அளவு தள்ளிக் குறிவைத்தாள். சுடுதளத்துக் காற்றுக்கொடி படபடத்தால் இன்னும் தள்ளினாள், தொங்கினால் உள்ளே வந்தாள். பக்கத்துக்காரி சுட்டு முடித்து எழுந்தே போய்விட்டாள். ஜீவராணி அசையவில்லை. ஒரே ஒரு தோட்டா மிச்சம். கொடி அடங்கியது.

"இப்ப சுடும் பிள்ளை!" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தார் ஜெயதீபன்.

அவள் சுடவில்லை. தூரத்தில் புல் மறுபக்கம் சாய ஆரம்பித்திருந்தது. குறியை அப்படியே வலப்பக்கம் மாற்றி விசையை இழுத்தாள்.

நடுவில் விழுந்தது. நான்காவதாக அவள் பெயரை வாசித்தார்கள்.

ஜெயதீபன் நெற்றியைத் துடைத்தபடி வந்தார். "அதிர்ஷ்டக்காரி நீர். கடைசியில காத்துத் திரும்பிச்சுது."

"திரும்புனத பாத்துட்டுத்தாங்க சார் சுட்டேன்," என்றாள் ஜீவராணி.