மகளுக்கு ஒரு கடற்கரை

மடையைத் திறந்துவிட்டு, தண்ணீர் வயலின் மறுகரையை எட்டும்வரை யோகநாதன் வரம்பில் குந்தியிருந்து கைபேசியில் கடற்கரை பார்க்கிறார். ஒரு கண் தண்ணீரில், மறு கண் கடலில். நாட்டின் தெற்கே எந்தக் கரையில் ஆமை வரும், எந்த ஹோட்டலில் காலைச் சாப்பாடும் சேர்த்தி, எந்த அறையின் யன்னலைத் திறந்தால் அலை தெரியும் என்பதெல்லாம் உருத்திரபுரத்தில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். அங்கெல்லாம் போகிற எண்ணம் அவருக்குக் கிடையாது. எதிரியின் பலத்தை அறிந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சுவிஸில் இருக்கும் மகள் பிரியந்தினி ஆடி மாதத்தில் குடும்பத்தோடு வருகிறாள். கலியாணம் முடித்துப் போன பிறகு இதுதான் முதல் வரவு. பேத்தி மிதுராவை அவர் இன்னும் கையில் தூக்கியதில்லை. அப்பன் வீட்டில் இரண்டு இரவு, மிச்ச நாளெல்லாம் தெற்கே கடற்கரை ஹோட்டல் என்பது மகளின் திட்டம். அதைக் கேட்ட நாளிலிருந்து மனுசன் ஓரிடத்தில் இருப்பதில்லை. சோற்றைப் பிசைந்த கையோடு எழும்பி முற்றத்துக்குப் போவார். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவார்.

"களைப்பாற அப்பன்ர வீடு காணாதோ?" என்று மனைவி இராசேஸ்வரியைக் கேட்பார்.

"பேத்திக்குக் கடலெண்டா உசிராம். உங்கட வயலுக்கையே அது நீந்துறது?"

"அப்ப ஒரு கடலைக் கண்டுபிடிப்பம். கிட்டவா ஒண்டிருந்தா இஞ்சயே நிப்பினம்தானே."

கடலுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம்தான். ஆனால் கிழக்குக் கரையைப் பற்றி அவர் பேச்செடுத்தபோதே மகள் "அந்தக் கடல் வேண்டாமப்பா" என்று சொல்லிவிட்டாள். போர் முடிந்த ஆண்டில், பள்ளிக்கூடப் பிள்ளையான அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முள்ளிவாய்க்கால் மணலில் கிடந்தார். அதற்குப் பிறகு அவரும் எந்தக் கடலிலும் கால் நனைத்ததில்லை. அதனால் மோட்டார் சைக்கிளை மேற்கே திருப்பினார். விடிய வெளிக்கிட்டு மத்தியானம் வெயிலில் கறுத்துத் திரும்புவார். கடைசியில் நாச்சிக்குடாப் பக்கம் ஒரு கரை மனதுக்குப் பிடித்தது.

காணி பார்ப்பது போலத்தான் கடற்கரையும் பார்ப்பார். குனிந்து மண்ணை அள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்தார். ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் கொட்டினார். "ஒரு கல்லில்லை, குறுணியில்லை. பள்ளந் திட்டியில்லாத மட்டமான நிலம். பின்னுக்கு நல்ல தண்ணிக் கிணறும் இருக்கு," என்றார். இராசேஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டு, "இதில என்ன விதைக்கப் போறியள்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

பேத்திக்கு நிழல் வேண்டும். கடற்கரையில் வாடிக் குடிசை வைத்திருக்கும் மீன்பிடிகாரர் முத்துலிங்கத்திடம் அனுமதி கேட்டு, தடி ஊன்றி, கிடுகு வேய்ந்து, மூன்று பக்கமும் அடைத்து ஒரு கொட்டில் போட்டார். கட்டு ஒவ்வொன்றும் இரும்பு. முடிந்ததும் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். "இது எங்கட வயல் கொட்டிலோ அப்பா? கடல் எங்க?" என்று பதில் வந்தது.

முத்துலிங்கம் வந்து சுற்றிப் பார்த்தார். "அண்ணை, பிள்ளையள் கடலைப் பாக்கவோ வருகினம், உங்கட மோட்டார் சைக்கிளைப் பாக்கவோ?"

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. வயலில் காவல் கொட்டில் போடுகிறவன் மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக்கு முதுகைக் கொடுத்துத்தான் போடுவான். இந்தக் கரையில் கச்சான் வருவதே கடலிலிருந்து. காலாகாலமாகப் பழகிய கை, தன் பாட்டில் கடலை அடைத்துவிட்டுத் தெருவைத் திறந்து வைத்துவிட்டது. "காத்துக்குப் பயந்து செய்தது," என்று முணுமுணுத்தபடி அவிழ்க்கத் தொடங்கினார். முத்துலிங்கம் சிரித்துச் சிரித்தே கூட நின்று அவிழ்த்தார். கொட்டில் இப்போது கடலைப் பார்க்கிறது. உள்ளே இருப்பவர் வாயில் மண்ணும் விழுகிறது.

அதோடு அடங்கவில்லை. உப்புக் கழுவ எத்தனை வாளி, பேத்தி மீன் முள்ளுக்குப் பயப்படுமா, மருமகன் நிலத்தில் சம்மணம் கட்டி இருப்பாரா என்று நாளுக்கொரு கவலை. வாய்க்காலில் காணும் ஆளிடமெல்லாம், "வெளிநாட்டுப் பிள்ளையள் கடலுக்கை என்னதான் செய்யிறவை?" என்று கேட்கிறார். பதிலுக்கு நிற்பதில்லை. மகள் கடலுக்காக வரவில்லை, தன்னிடம்தான் வருகிறாள் என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஒருவரும் சொல்வதில்லை.

காற்றுச் சற்று அடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரையில் நின்று மகளை வீடியோவில் அழைத்தார். கைபேசியைத் திருப்பித் திருப்பி மணலையும் நீரையும் காட்டினார்.

"நல்ல வடிவா இருக்கப்பா. ஆனா ஆழமோ? மிதுவுக்கு இன்னும் ஒழுங்கா நீந்தத் தெரியாது. அங்க ஹோட்டலில பிள்ளையளைப் பாக்க ஆள் நிக்குது. இண்டைக்குள்ள நான் ஹோட்டல்காரருக்கு ஒரு முடிவு சொல்லவேணும்."

"ஆழமோ? நில், காட்டுறன்."

யோகநாதனுக்கும் நீந்தத் தெரியாது. செருப்பைக் கழற்றினார். சாரத்தை மடித்துச் சண்டிக்கட்டுக் கட்டினார். முதல் அலை பாதத்தில் ஏறியதும் ஒருகணம் அப்படியே நின்றார். பிறகு நடந்தார்.

"பார் பிள்ளை, முழங்கால்தான்." இன்னும் கொஞ்சத் தூரம். "இஞ்சயும் துடையளவுதான்." ஓர் அலை வந்து மேற்சட்டையை நனைத்துவிட்டுப் போனது. "இடுப்பு. வெறும் இடுப்புத்தான். இந்த இடத்தில நான் நிப்பன். பேத்தி என்னைத் தாண்டிப் போகாது."

"அப்பா, காணும்! திரும்பி வாங்கோ! அப்பா!"

அவள் கத்தியது அவருக்கு நன்றாகவே கேட்டது. முடிவைத்தான் அவள் இன்னும் சொல்லவில்லை. கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யோகநாதன் இன்னும் ஓரடி முன்னால் வைத்தார்.