கோட்டுக்குப் பின்னால் இரண்டு எழுத்து

நார்வேயிலிருந்து அயோவாவுக்கு வந்த ஹால்வர் தோர்சன் கடலைத் தாண்டியவர், புல்வெளித் தீயையும் தாண்டியவர். அரசாங்கக் காகிதத்துக்கு மட்டும் பயப்படுவார்.

வந்த முதல் குளிர்காலத்தில், நிலத்தின் மேற்கு எல்லையில் நின்ற ஓக் மரத்தில் 'பி, டி' என்று இரண்டு எழுத்துகள் செதுக்கியிருப்பதைப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது. யாரோ பெர்ந்த் டொலெஃப்சன் என்கிற ஊர்க்காரன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான், வசந்தத்தில் மரத்தைக் கேட்டு வருவான் என்று தானாகவே முடிவுகட்டினார். அவன் வருவதற்குள் மரத்தைச் சாய்த்து, சமையலறை வாசலுக்கு மேல் விட்டமாக வைத்துவிட்டார்.

ஏழு வருடம் கழித்து ஆங்கிலம் படிக்க வந்தது; படித்ததற்குப் பலன் பயம். அது யார் பெயரும் இல்லை. 'பேரிங் ட்ரீ', அதாவது எல்லை முளைக்குச் சாட்சியாக அரசாங்க சர்வேயர்கள் குறித்துவைத்த மரம். வெட்டினால் சிறை. அன்றே விட்டத்தில் ஆணி அடித்து, எழுத்தை மறைத்துத் தன் கோட்டை மாட்டினார். வெட்டிய அடிக்கட்டையின் மேல் கோழிக்கூடு கட்டினார். விருந்தாளி இருந்தால், ஜனவரிப் பனியிலும் வெறும் சட்டையோடுதான் வெளியே போவார்.

"அந்தக் கோட்டுக்குத்தான் கல்யாண மோதிரம் போட்டிருக்கணும் நீங்க" என்பாள் மனைவி குன்ஹில்ட்.

1874 நவம்பரில் எல்லைக்கோட்டின் மேலேயே ரோடு போட சர்வேயர் வில்காக்ஸ் வந்தார். சிவப்புக் கொடி கட்டிய குச்சியைச் சமையலறை ஜன்னலுக்கு நேராக நட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"பழைய முளை தீயில போயிருச்சு. சாட்சி மரத்தையும் காணோம். புதுசா சங்கிலி போட்டு அளந்தா, உங்க அடுப்பு நடுரோட்டுல நிக்குது தோர்சன்."

"பழைய அளவுப்படி ரோடு எங்கங்க போகும்?"

"பழைய குறிப்பைப் பார்த்தா அறுபதடி மேற்கே. அன்னிக்கு அளந்தவனுங்க குடிச்சிருப்பானுங்க."

"அப்ப அது தப்புத்தானே?"

"தப்புத்தான். ஆனா மரம் கிடைச்சா அந்தத் தப்புதான் சட்டம்."

வாய் திறந்தால் சிறை, திறக்காவிட்டால் வீடு இல்லை. ஹால்வர் விட்டத்தில் தொங்கிய கோட்டைப் பார்த்தார்.

"நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?" என்றாள் குன்ஹில்ட். அவளுக்கு எப்போதோ தெரியும்.

ஹால்வர் ஆணியிலிருந்து கோட்டை எடுத்தார். விட்டத்தில் எழுத்துகள் சாய்வாகப் படுத்திருந்தன. வில்காக்ஸ் அவற்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"அடிக்கட்டை?"

கூட்டை நகர்த்தியதும் கோழிகள் ஊரையே கூட்டின. அடிக்கட்டையிலிருந்து பழைய குறிப்பின்படி அளந்து, அந்த இடத்தில் தோண்டினார்கள். கரிந்துபோன முளையின் அடிப்பாகம் கிடைத்தது. வில்காக்ஸ் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஹால்வர் இரண்டு கையையும் நீட்டினார், விலங்குக்கு.

வில்காக்ஸ் எழுதியபடியே வாசித்தார்: "சாட்சி மரம், சாய்ந்து கிடக்கிறது."

"ஐயா, அதை நான்தான் சாய்ச்..."

"சாய்ந்ததுன்னு எழுதியாச்சு தோர்சன். குளிருது, கோட்டைப் போடுங்க."

இன்றும் எங்கள் ஊர் ரோடு பத்து மைல் நேராக வந்து அவர் வீட்டருகில் மட்டும் முழங்கை போல மடங்கும். கோட்டு பழைய ஆணிக்கே திரும்பியது. விருந்தாளி வந்தால் அதை அவர் அதன் பிறகும் எடுத்ததில்லை.